வீட்டோடு ஆளா, வந்து போகும் ஆளா?

இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை முடிந்து அம்மா வீட்டுக்கு வந்தபோது எங்களுக்கு மூன்று வழிகள் தெரிந்தன. ஏஜென்சி மூலம் 24 மணி நேரமும் வீட்டோடு தங்கும் ஆள், காலையும் மாலையும் வந்து போகும் ஆள், இல்லையென்றால் கோயம்புத்தூர் பக்கம் நிறைய வந்துவிட்ட முதியோர் குடியிருப்பு. எல்லோரும் முதலில் செலவைத்தான் கணக்குப் போடுகிறோம். எந்த வழியில் அம்மா தன் வேலையைத் தானே செய்வார், எதில் அவர் பேச்சு எடுபடும் என்று பார்க்க எனக்கு இரண்டு மாதம் ஆனது.

பயத்தில் வீட்டோடு ஆளைத்தான் முதலில் வைத்தோம். இரவில் நாங்கள் நிம்மதியாகத் தூங்கினோம், உண்மை. ஆனால் ஒரே வாரத்தில் அம்மாவுக்கு டயப்பர் வந்துவிட்டது. கைத்தாங்கலாகப் பிடித்தால் கழிப்பறை வரை நடக்கக்கூடியவர் அவர். "நீங்க உட்காருங்க பாட்டி, நான் பார்த்துக்கறேன்" என்று அந்தப் பெண் அன்பாகத்தான் சொன்னார். இடுப்பு அறுவைக்குப் பிறகு நடப்பதுதான் பாதி வைத்தியம். படுத்தே கிடந்தால் தசை வேகமாகக் கரையும், படுக்கைப்புண் வரும், நெஞ்சில் சளி கட்டும். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். பகலெல்லாம் வேலை பார்த்த ஒருவரை இரவில் நான்கு முறை எழுப்பினால் அவரும்தான் என்ன செய்வார்? அதோடு ஏஜென்சி ஆளை மாற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு மாதத்தில் மூன்று பேர். ஒவ்வொரு முறையும் முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் அம்மா குளிக்க வேண்டியிருந்தது. அந்தக் கூச்சத்தை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. குளிப்பதைத் தள்ளிப்போட ஆரம்பித்தார்.

அப்புறம்தான் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் காலை 7 முதல் 10 வரை, மாலை 5 முதல் 7 வரை வரத் தொடங்கினார். குளிக்கும்போது பக்கத்தில் நிற்பார், முதுகு மட்டும் தேய்த்துவிடுவார். ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீரை அம்மாவே ஊற்றிக்கொள்வார். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் திரும்பி வந்தது. மிச்சமான பணத்தில் வீட்டைச் சரிசெய்தோம்: கழிப்பறைச் சுவரில் கைப்பிடி, வழுக்காத மேட், நிலைப்படி தடுக்காமல் இருக்க ஒரு சாய்வுப் பலகை, இரவு விளக்கு. ஆள் செய்ய வேண்டிய வேலையில் பாதியை அந்தக் கைப்பிடியே செய்தது.

இதில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆள் இல்லாத நேரத்தில் விழுந்தால்? கழுத்தில் போன் தொங்குகிறது, எதிர்வீட்டில் ஒரு சாவி இருக்கிறது. அதற்கு மேல் இருக்கும் ஆபத்தை ஏற்கிறேன் என்று சொன்னது அம்மா. அதைச் சொல்லும் உரிமை அவருக்குத்தான் உண்டு.

இந்த வழிக்கு அரசின் துணையும் இருக்கிறது, பலர் கேட்டுப் பார்ப்பதே இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பிசியோதெரபி, வலி தணிப்புச் சிகிச்சைக்கும் வீடு தேடி வருகிறார்கள். குளிப்பாட்ட ஆள் வராதுதான். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். முதியோர் உதவிக்கு 14567 என்ற இலவச எண்ணும் உண்டு.

முதியோர் குடியிருப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சமையல் தொல்லை இல்லை, நர்ஸ் பக்கத்திலேயே இருப்பார், பேச்சுத் துணையும் கிடைக்கும். கையில் பணம் இருக்கும் தம்பதிக்கு, அதுவும் அவர்களே விரும்பிப் போனால், நல்ல ஏற்பாடு. நாற்பது வருடமாக ஒரே தெருவில் இருப்பவரைப் பிள்ளைகள் முடிவெடுத்து அனுப்பினால் அது வேறு கதை.

ஞாபக மறதி நோய் முற்றியவர்களுக்கும், படுக்கையைவிட்டு எழவே முடியாதவர்களுக்கும் வீட்டோடு ஆள்தான் சரி. அப்போதும் பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று இரண்டு பேரை வையுங்கள். நடக்க வைக்க முடிகிறவர் என்றால் டயப்பர் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் இன்னொரு மாற்றமும் செய்தோம். அக்காவின் சம்பளத்தை நான் போனில் அனுப்புவதை நிறுத்திவிட்டேன். மாதம் முதல் தேதி அம்மா பீரோவைத் திறந்து, எண்ணி, தன் கையாலேயே கொடுக்கிறார். நாளைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்பதையும் அவரே சொல்கிறார்.