வி-கிராஸ் பிக்கப்: முன்சக்கரங்கள் எப்போது கைகொடுக்கின்றன?

பிக்கப்பில் ஃபோர் வீல் டிரைவ் என்றால் பாரத்தோடு மலையேறத்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். கொடைக்கானல் மேல்மலையில் இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸை நெடுநாள் ஓட்டியபின் எனக்குத் தோன்றுவது வேறு. வெறும் வண்டிக்குத்தான் அது அதிகம் தேவைப்படுகிறது. பூண்டும் கேரட்டும் மூட்டை மூட்டையாக இருக்கும்போது பின்சக்கரங்கள் மண்ணைக் கவ்விக்கொண்டு ஏறிவிடும். இறக்கிவிட்டுத் திரும்பும்போதுதான் வம்பு. இன்ஜினின் கனம் முன்னால் இருக்கிறது, பின்னால் காலித் தொட்டி. ஐப்பசி மழையில் ஊறிய தோட்டத்துத் தடத்தில் பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று குழி பறிக்கும். கனம் தாங்கி நிற்கும் முன்சக்கரங்களோ சும்மா உருண்டுகொண்டிருக்கும்.

திருகு சுவிட்சை 2எச்-இலிருந்து (பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் நிலை) 4எச்-க்குத் (நான்கு சக்கரமும் இழுக்கும் வழக்கமான வேக நிலை) திருப்பினால் அந்தச் சும்மா இருத்தல் முடிகிறது. கியர்பாக்ஸை ஒட்டி இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், அதுவரை பின்புற ஷாஃப்டுக்கு மட்டும் போன சுழற்சியை முன்புற ஷாஃப்டுக்கும் கொடுக்கிறது. அது முன் டிஃபரென்ஷியலுக்குப் (திருப்பத்தில் இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விட்டு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுப்பு) போய், அங்கிருந்து இரு ஆக்ஸில்கள் வழியே சக்கரங்களை அடைகிறது. முன்சக்கரங்கள் திரும்பவும் வேண்டும், குலுங்கவும் வேண்டும், சுழலவும் வேண்டும். அதனால் ஆக்ஸிலின் இரு முனைகளிலும், வளைந்த நிலையிலும் சீராகச் சுழற்றும் சிவி ஜாயின்ட்கள் என்ற இணைப்புகள் இருக்கின்றன. வண்டி ஓடும்போதே 4எச்-க்கு மாற்றலாம். ஆனால் பின்சக்கரம் சுழன்று வழுக்கும்போது மாற்றாதீர்கள். சேறு வருவதற்கு முன்பே போட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

நான்கு சக்கரமும் இழுக்கும் என்று சொன்னாலும் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. முன் டிஃபரென்ஷியலில், இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுழல வைக்கும் பூட்டு இல்லை. இடது முன்சக்கரம் பள்ளத்தில் தொங்கினால், வலது சக்கரத்துக்குப் போக வேண்டிய விசையும் வீணாகும். மூலைக்கு மூலை ஒரு முன்சக்கரமும் ஒரு பின்சக்கரமும் அந்தரத்தில் நின்றால், நான்கு சக்கர இயக்கம் இருந்தும் வண்டி நகராது. சுழலும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து அடக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல் ஓரளவு உதவுகிறது. நிதானமாக, விட்டு விட்டு மிதிக்காமல் ஆக்ஸிலரேட்டரை ஒரே சீராகப் பிடித்தால்தான் அதற்கு வேலை செய்ய அவகாசம் கிடைக்கும்.

காய்ந்த தார் சாலையில் 4எச் கூடவே கூடாது. திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் போடுகின்றன. ஆனால் இந்த அமைப்பில் முன்னுக்கும் பின்னுக்கும் இடையே வேக வித்தியாசத்தை அனுமதிக்கும் நடு டிஃபரென்ஷியல் இல்லாததால் முன்புற, பின்புற ஷாஃப்டுகள் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருக்கின்றன. சேற்றில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிவிடும். தாரில் வழுக்க இடமில்லை. கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங் முரண்டு பிடிக்கும், டயர் தேயும், உள்ளே விசை முறுகி நிற்கும். அப்போது 2எச்-க்கு மாற்றினாலும் முன் அச்சு உடனே விடுபடாது. கொஞ்சம் பின்னோக்கி நேராக எடுத்தால் முறுக்கு விடுபட்டு, டாஷ்போர்டில் எரியும் ஃபோர் வீல் டிரைவ் விளக்கு அணைந்துவிடும்.

நான்கு சக்கரமும் மெதுவாக, ஆனால் அதிக இழுவிசையோடு சுழலும் 4எல் நிலையை நான் ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் அதிகம் பயன்படுத்துகிறேன். வண்டியை நிறுத்தி நியூட்ரலில் வைத்து மாற்ற வேண்டும். முதல் கியரில் விட்டால் இன்ஜினின் தடை நான்கு சக்கரங்களுக்கும் பரவி, ஈரக் களிமண் சரிவில் பிரேக்கைத் தொடாமலே ஊர்ந்து இறங்கலாம். சமதரையில் வேகமாக வரும்போது பிரேக் பிடிக்கும் தூரத்தை ஃபோர் வீல் டிரைவ் கொஞ்சமும் குறைக்காது. இது தெரியாமல் மழையில் பறக்கிறவர்களை இந்தச் சாலைகளில் அடிக்கடி பார்க்கிறேன்.

பராமரிப்பு பெரிய தொல்லை இல்லை. கோடையிலும் மாதம் ஒருமுறை மண் தடத்தில் 4எச் போட்டு ஓட்டினால் முன் அச்சின் உறுப்புகள் இறுகாமல் இருக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரென்ஷியல் எண்ணெய்களை மறந்துவிடாமல் மாற்றச் சொல்லுங்கள். சிவி ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்தால் சேறு உள்ளே புகுந்து ஜாயின்டையே தின்றுவிடும். நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானத்தில் இருக்கட்டும். முன்னால் புதிது, பின்னால் பழையது என்று போட்டால் நேர்சாலையில்கூட 4எச் முறுகும்.

தார் சாலையை விட்டு இறங்காதவர்களுக்கு டூ வீல் டிரைவ் பிக்கப்பே போதும். முன் அச்சின் கனத்தையும் விலையையும் வீணாகச் சுமக்க வேண்டாம்.