சிங்கப்பூரிலிருந்து வண்டி இறக்கிக் கொடுத்த பீளமேடு ஏஜென்ட்: என் கருத்து

சிங்கப்பூரில் ஓட்டிக்கொண்டிருந்த பைக்கைத் திருப்பூருக்கே கொண்டுவர வேண்டும் என்று பங்காளி ஒற்றைக்காலில் நின்றதால் கோவை பீளமேட்டில் ஒரு கிளியரிங் ஏஜென்டிடம் (வெளிநாட்டுச் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துத் தருபவர்) கொடுத்தோம். முதல் நாளே அவர், "ஏனுங்க, வண்டி தயாராகி மூணு வருசம் தாண்டலீங்கள்ல?" என்றுதான் ஆரம்பித்தார், அதற்கே பாதி மார்க் போடலாம், ஏனென்றால் ஓட்டிய வண்டிக்கு அந்த வயதுதான் வரம்பு, இறக்குவதும் மும்பைத் துறைமுகம் வழியாக மட்டும்தான், தூத்துக்குடி பக்கம்தானே என்று நாம் நினைப்பதெல்லாம் நடக்காது. ஸ்பீடாமீட்டர் கிலோமீட்டரில் இருக்க வேண்டும், ஹெட்லைட் இடப்பக்கப் போக்குவரத்துக்கு ஏற்றபடி ஒளி வீச வேண்டும். சிங்கப்பூர் வண்டி என்பதால் இரண்டிலும் தொல்லை இல்லை.

பேக்கிங் அருமை. டேங்கைக் காலி செய்து, பேட்டரி ஒயரைக் கழற்றி, மரச்சட்டத்துக்குள் நாலு பக்கமும் பட்டையால் இழுத்துக் கட்டியிருந்தார்கள், கண்ணாடியில்கூடக் கீறல் இல்லை.

கடுப்பானது பில்லில்தான். வரியே வண்டி விலையைத் தாண்டும் என்று முன்பே சொல்லிவிட்டார், சரி. ஆனால் ஏதோ ஒரு காகிதம் தாமதமாகி மும்பையில் பெட்டி கிடந்த நாட்களுக்கான வாடகையையும் நம் தலையில் கட்டினார், கேட்டால் "அது துறைமுகத்துக் கணக்குங்க" என்கிறார். போன் எடுப்பதும் மத்தியானத்துக்கு மேல்தான்.

மும்பையிலிருந்து லாரியில் வந்தது, ஆர்டிஓ வேலையை நாங்களே பார்த்துக்கொண்டோம். ஐந்துக்கு மூன்றரை. கொடுப்பதென்றால் துறைமுக வாடகை யார் பொறுப்பு என்பதை எழுதி வாங்கிவிட்டுக் கொடுங்கள்.