அட்டையா, தானாக வரும் குளவியா? கத்தரிக் காய்ப்புழுவுக்கு என் தேர்வு

முதல் வருஷம் 30 சென்ட் கத்தரிக்கு டிரைக்கோகிரம்மா அட்டை வாங்கிக் கட்டினேன். பூச்சி முட்டையை அழிக்கும் டிரைக்கோகிரம்மா என்ற குட்டிக் குளவி பொரித்து வரும் காகித அட்டை அது. அடுத்த வருஷம் அட்டையை விட்டுவிட்டு, தோட்டத்துக்குத் தானாக வரும் டிரத்தாலா குளவியை நம்பினேன். இப்போதும் அப்படித்தான்.

டிரைக்கோகிரம்மா அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். தாய் அந்துப்பூச்சி உதிர்த்த செதிலின் வாசனையைப் பிடித்துக்கொண்டே போய் முட்டையைக் கண்டுபிடித்து, உணர்கொம்பால் தட்டிப் பார்த்து, அதற்குள் தன் முட்டையை வைத்துவிடும். புழு பிறக்கவே பிறக்காது. கேட்கும்போது இதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் தோன்றும்.

டிரத்தாலா புழுவையே தேடுகிறது. பொரித்த சில மணி நேரத்தில் குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்து, துளையை எச்சத்தால் அடைத்துக்கொள்ளும் புழு அது. மருந்தே எட்டாத இடத்தில் இருப்பதைக் குளவி எப்படிக் கண்டுபிடிக்கிறது? புழுவைக் காட்டிக்கொடுப்பது அந்த எச்சம்தான். எச்சத்தின் நாற்றமும், கடிபட்ட செடி விடும் வாசனையும் இந்த மாதிரிக் குளவிகளை அருகே இழுத்துவிடும். பிறகு உணர்கொம்பால் தடவித் தடவி இடம் பார்த்து, நீண்ட ஊசியை உள்ளே இறக்கிப் புழுவில் முட்டை வைக்கும். பழ ஈப் புழுவைத் தேடும் டயகாஸ்மிமார்பா என்ற குளவி இன்னும் கெட்டி. பழத்தோல் மேல் நின்று, உள்ளே புழு நெளியும் அதிர்வைக் காலில் உணர்ந்து குத்தும். அசையாமல் கிடக்கிற புழு தப்பித்துக்கொள்ளும்.

இவ்வளவு இருந்தும் என்னை மாற்றியது பராமரிப்புதான். குளவி வெளிவரும் தேதிக்கு முன்பே அட்டை தோட்டத்துக்கு வந்தாக வேண்டும். எனக்கு வந்த ஓர் அட்டையில் வழியிலேயே பாதி பொரித்துவிட்டது. சாயங்காலம், நிழலில், இலையடியில் கட்ட வேண்டும். எறும்பு ஏறினால் ஒரே இரவில் அட்டை காலி. குளவிக்கு ஆயுள் சில நாள்தான். அந்துப்பூச்சிகளோ ஒன்றன்பின் ஒன்றாக வந்து மாதக்கணக்கில் முட்டை வைத்துக்கொண்டே இருக்கும். அதனால் வாராவாரம் புது அட்டை. ஒரு கல்யாணத்துக்குப் போய் ஒரு வாரம் விட்டேன், அந்த வாரத்து முட்டையெல்லாம் பொரித்துக் காய்க்குள் போய்விட்டது.

டிரத்தாலாவுக்கு நான் செய்வது மூன்றே வேலை. மருந்து அடிப்பதில்லை. வரப்பில் கொத்தமல்லியைப் பூக்கவிடுகிறேன், குளவிக்குத் தேன் கிடைக்க. புழு புகுந்து வாடித் தொங்கும் குருத்தைக் கிள்ளி, குளவி மட்டும் வெளியேறும்படி வலை மூடிய டிரம்மில் போடுகிறேன். முன்பு எரித்துக்கொண்டிருந்தேன்; புழுவோடு சேர்த்துக் குளவியையும் எரித்திருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது.

குறையும் உண்டு. காய்க்குள் இருக்கும் புழுவைக் குளவி கொன்றாலும் அந்தக் காய் சந்தைக்கு ஆகாது. பருத்த காயில் ஆழமாகப் போய்விட்ட புழுவை ஊசி எட்டுவதும் சந்தேகம். அதனால் குருத்துப் பருவத்திலேயே புழுவைக் குறைப்பதைத்தான் நம்பியிருக்கிறேன். இரண்டு வருஷமும் ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைத்திருந்தேன், ஆகவே பலன் முழுவதையும் குளவிக் கணக்கில் எழுத மாட்டேன். சுற்றிலும் மருந்தடிக்கும் வயல்கள் என்றால் தானாக வரும் குளவி அபூர்வம். அங்கே அட்டைதான் வழி.

டிரம் வலையில் மட்டும் இன்னும் கைப்பழக்கம் வரவில்லை. கண்ணி ஒல்லிக் குளவியை விட வேண்டும், அந்துப்பூச்சியை விடக் கூடாது. போன மாதம் போட்டது கொஞ்சம் பெரிசு. காலையில் மூடியின் மேல் இரண்டு அந்துப்பூச்சி உட்கார்ந்திருந்தன.