அப்பா அம்மாவோடு அமெரிக்க மேற்கு: மினிவேனா, எஸ்யூவியா, ஆர்வியா?

லாஸ் வேகஸில் கிளம்பி ஸயான், பிரைஸ் தேசியப் பூங்காக்கள், பேஜ் ஊர், கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு என்று சுற்றி மறுபடி வேகஸ் வந்து சேர்ந்தால் ஏறத்தாழ 820 மைல். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா, பிள்ளைகள் என்று ஆறு பேராகக் கிளம்பும்போது வாடகைக்கு மூன்று வழி இருக்கிறது: மினிவேன், பெரிய எஸ்யூவி, ஆர்வி (படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி). நாங்கள் எடுத்தது மினிவேன். இன்னொரு தரம் போனாலும் அதுதான். ஆகவே இதை நடுநிலைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெட்ரோல் கணக்கைச் சட்டென்று முடித்துவிடலாம். டொயோட்டா சியன்னா ஹைப்ரிட் மினிவேன், கேலனுக்கு 36 மைல் ஓடும். இந்தச் சுற்றுக்கு 23 கேலன் போதும். 25 அடி ஆர்வி 8 முதல் 10 மைல்தான் தரும், 80 கேலனுக்குக் குறையாது. எஸ்யூவி இரண்டுக்கும் நடுவில். பெட்டி வைக்கும் இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஹைலேண்டர் மாதிரி மூன்று வரிசை எஸ்யூவியில் கடைசி வரிசைக்குப் பின்னால் 16 கன அடிதான் மிஞ்சும். ஆறு பேர் உட்கார்ந்துவிட்டால் பெட்டியை மடியில்தான் வைக்க வேண்டும். சியன்னாவில் அதே இடம் 33.5 கன அடி, தரையும் பள்ளமாக இருப்பதால் பெரிய சூட்கேஸ்களை நிற்க வைத்தே அடுக்கலாம். எஸ்யூவியில் அதற்கு ஈடுகொடுப்பது சபர்பன் வகைதான் (41.5 கன அடி).

அப்படியானால் சபர்பனே எடுக்கலாமே என்றால், அங்கேதான் முழங்கால் குறுக்கே வருகிறது.

இந்தப் பயணத்தில் களைப்பு தருவது தூரமல்ல, ஏறி இறங்குவது. பேஜிலிருந்து கேமரன் வழியாகக் கிராண்ட் கேன்யனின் கிழக்கு வாசலில் நுழைந்தால் டெசர்ட் வியூ சாலையின் 25 மைலில் ஒவ்வொரு காட்சி முனையிலும் ஒரு தடவை நிறுத்துவோம். அதோடு பாத்ரூம், சாப்பாடு, பெட்ரோல் பங்க் என்று சேர்த்தால் ஒரு நாளில் பதினைந்து தடவைக்குக் குறையாது. மினிவேனின் தரை தாழ்வு. இருக்கை ஏறக்குறைய இடுப்பு மட்டத்தில் இருக்கும். வண்டிக்கு முதுகு காட்டி நின்று, முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்பிக்கொள்ளலாம். புடவையில் இருக்கும் அம்மாவுக்கு இதில் சிரமமே இல்லை. சபர்பனில் இருக்கை இடுப்புக்கு மேலே. பக்கப் படியில் ஒரு கால் வைத்து, கைப்பிடியைப் பிடித்து, உடம்பை மேலே இழுக்க வேண்டும். ஏறுவதைக்கூடச் சமாளித்துவிடலாம். இறங்கும்போது கால் கீழே படியைத் தேடித் துழாவும், கொசுவம் படி விளிம்பில் மாட்டும். எஸ்யூவிதான் கிடைத்தது என்றால் பிசியோதெரபிஸ்டுகள் மாடிப்படிக்குச் சொல்வதையே பின்பற்றுங்கள்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கதவுக் கொக்கியில் மாட்டும் கைப்பிடி ஒன்று கடைகளில் விற்கிறது. வெளிப்பக்கம் திறக்கும் கதவுக்கு நன்றாக உதவும், மினிவேனின் நகரும் கதவில் பெரும்பாலும் பொருந்தாது.

நகரும் கதவுக்கும் ஒரு பாடம் எடுக்க வேண்டும். மோட்டார் கதவு என்றால் கைப்பிடியை ஒரு தடவை இழுத்துவிட்டு விட்டுவிட வேண்டும். அப்பாக்கள் விடமாட்டார்கள், பாதியில் பிடித்துத் தள்ளுவார்கள், மோட்டார் தடையை உணர்ந்து கதவைத் திரும்பத் திறக்கும், அவர் இன்னும் பலமாக அறைவார். கிளம்பும் முன் வாடகை நிறுவனத்தின் வாசலிலேயே நாலு தடவை பழக்கிவிடுங்கள். நடு வரிசை தனித்தனி இருக்கையாக இருக்கட்டும். பிள்ளைகள் நடுவில் புகுந்து பின்னால் போய்விடுவார்கள், பெரியவர்கள் எழுந்து வழிவிட வேண்டாம்.

ஆர்வியின் பக்கமும் நியாயம் உண்டு. ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்கும் அப்பாவுக்குப் பத்தடியில் கழிப்பறை. ரசம் வைக்க அடுப்பு, மாவு வைக்க ஃப்ரிட்ஜ். ஆனால் ஓடும் வண்டியில் அம்மா படுக்கையில் சாய்ந்துகொண்டு வரலாம் என்ற கற்பனையை மறந்துவிடுங்கள். எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார்ந்தே வர வேண்டும். ஓட்டுநர் தலைக்கு மேல் இருக்கும் படுக்கைக்கு ஏணி. பின்கட்டில் மூலைப் படுக்கை என்றால் சுவரோரம் படுத்தவர் மற்றவரைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். வாசலுக்கே இரண்டு மூன்று செங்குத்தான படி.

நம் வீட்டுப் பழக்கத்துக்கு உண்மையான சிக்கல் தண்ணீர். சுடுதண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் 6 கேலன்தான். காலையில் குளித்தே தீருவோம் என்கிற வீட்டில் இரண்டாம் ஆளுக்கு அரைமணி காத்திருப்பு. கழிப்பறையில் மக் தண்ணீர் ஊற்றுவது வண்டிக்கு அடியில் இருக்கும் கழிவுத் தொட்டிக்கு நல்லதே, காகிதம் குவிந்து அடைக்காது. ஆனால் தொட்டி சீக்கிரம் நிரம்பும். காலி செய்யும்போது முதலில் கழிப்பறைத் தொட்டி, அதற்குப் பிறகே குளியல், பாத்திரத் தண்ணீர். அந்தச் சோப்புத் தண்ணீர்தான் குழாயைக் கழுவிவிடும். கழிப்பறை வால்வை எந்நேரமும் திறந்து வைத்தால் நீர் மட்டும் ஓடி, கெட்டி உள்ளே தங்கிவிடும். இந்த வேலைக்கு மாப்பிள்ளை தயாரா என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

பாதையும் ஒத்துழைக்காது. ஸயானிலிருந்து பிரைஸுக்கு நேர்வழி 1930-இல் திறந்த மவுண்ட் கார்மல் சுரங்கம். 11 அடி 4 அங்குல உயரமோ 7 அடி 10 அங்குல அகலமோ தாண்டிய வண்டிகளுக்கு முன்பு கட்டணம் வாங்கி, எதிர்வரும் வண்டிகளை நிறுத்தி வழிவிட்டார்கள். 2026 ஜூனிலிருந்து அவற்றுக்கு அனுமதியே இல்லை. வாடகை ஆர்விகளில் பெரும்பாலானவை இந்த அளவைத் தாண்டும். வெளியே சுற்றித்தான் போக வேண்டும்.

மினிவேன் என்றால் மோட்டல், அதற்கும் நிபந்தனைகள் உண்டு. இரண்டு மாடி மோட்டல்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. தரைத்தள அறை வேண்டும் என்று போனிலேயே சொல்லுங்கள். பழைய அறைகளில் குளியல் தொட்டிக்குள் ஏறி நின்று குளிக்க வேண்டியிருக்கும், வழுக்கி விழுவது அங்கேதான். தொட்டியில்லாத ஷவர் கேட்டு வாங்குங்கள். ரெசிடென்ஸ் இன், ஹோம்வுட் ஸ்வீட்ஸ் மாதிரி இடங்களில் சமையலறையே உண்டு. மற்ற இடங்களுக்கு ரைஸ் குக்கர் கையோடு. வண்டியில் பிளக் இருக்கிறதே என்று அதில் சொருகாதீர்கள். பல வண்டிகளில் அது 150 வாட்தான் தாங்கும், குக்கர் 400-க்கு மேல் இழுக்கும். இன்சுலின் இருந்தால் சின்ன ஃப்ரிட்ஜின் உறைபெட்டியை ஒட்டி வைக்காமல் கதவுப் பக்கம் வையுங்கள். உறைந்த இன்சுலினைத் தூக்கிப் போடத்தான் வேண்டும்.

கிராண்ட் கேன்யனின் ஹெர்மிட் சாலை மார்ச் முதல் நவம்பர் வரை சொந்த வண்டிகளுக்கு மூடியிருக்கும். நடக்கச் சிரமப்படுபவர் வண்டியில் இருந்தால் பூங்கா வாசலிலேயே அனுமதிச் சீட்டு தருவார்கள், கேட்டால்தான் கிடைக்கும்.

இவ்வளவும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரைக்கும், தார்ச்சாலைக்கும் சொன்னது. பனிக்காலத்தில் பிரைஸின் 8,000 அடிக்கு மேல் ஏறுவதென்றால் நாலு சக்கர இழுவை உள்ள எஸ்யூவி பக்கம் தராசு சாயலாம். மானுமென்ட் வேலியின் 17 மைல் மண்பாதைக்கு மினிவேன் ஆகாது. அங்குள்ள நவஹோ பழங்குடி வழிகாட்டிகளின் ஜீப்பில் போய்விடுங்கள்.

கடைசியாக, வாடகைக் கவுன்டரில் மினிவேன் தீர்ந்துவிட்டது, அதே விலைக்குப் பெரிய எஸ்யூவி தருகிறோம் என்பார்கள். சலுகை மாதிரிதான் தெரியும். சாவியை வாங்கும் முன் அம்மாவை அதில் ஒரு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். இறங்கும்போது அவர் உங்கள் தோளைத் தேடினால், அடுத்த மினிவேன் திரும்பி வரும்வரை அங்கேயே காத்திருக்கலாம்.