விமானம் வைத்திருப்போர் கவனத்திற்கு: சிலிண்டர் மாற்றியதாகச் சொல்லி 11,640 டாலர் பறித்துவிட்டார்கள்

நேற்று மாலைதான் எனக்கு உண்மை தெரிந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட நினைத்தேன். ஏனெனில் என்னைப் போலக் கடன் வாங்கிப் பழைய செஸ்னா 172 என்ற நான்கு இருக்கைச் சிறு விமானம் ஒன்றை வைத்துக்கொண்டு, எஞ்சினைப் பற்றி மெக்கானிக் சொல்வதை அப்படியே நம்புகிற நம்மவர்கள் ஓஹாயோவில் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

குளிர்ந்த காலைகளில் ஸ்டார்ட் செய்த முதல் ஒரு நிமிடம் எஞ்சின் ஒரு சிலிண்டர் செத்ததுபோலக் குலுங்கியது. சூடேறியதும் ஒன்றுமே நடக்காதது போலச் சீராக ஓடியது. நிமிடத்துக்கு 1,700 சுற்றில் ஓடவிட்டு, ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோக்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தபோதும் சுற்று வேகத்தின் வீழ்ச்சி 125 என்ற வரம்புக்குள்ளேயே இருந்தது. ஆயினும் சந்தேகம் தீராமல் பறக்கக் கூடாது என்று விமானத்தைத் தள்ளிக்கொண்டுபோய் அதே ஓடுதளத்தின் ஓரத்தில் இருக்கும் ஒரு பழுதுபார்ப்புப் பணிமனையில் விட்டேன். பறக்காமல் இருந்த முடிவுக்காக நான் இன்றும் வருந்தவில்லை. விட்ட இடத்துக்காகத்தான் வருந்துகிறேன்.

இரண்டு நாள் கழித்து அழைத்தார்கள். என் கண்ணெதிரிலேயே, சிலிண்டர் எவ்வளவு காற்றழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் நடந்தது. 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றைச் செலுத்தியபோது மூன்றாவது சிலிண்டரில் 58தான் நின்றது. எக்ஸாஸ்ட் குழாயில் உஸ்ஸென்று காற்று சீறுவது எனக்கே கேட்டது. அப்போது சிலிண்டர்மேல் கை வைத்தேன், இரும்பு சில்லென்றிருந்தது. அந்தச் சோதனையை எஞ்சின் ஓடி நின்ற சூட்டோடு செய்ய வேண்டும் என்பதோ, எக்ஸாஸ்டில் சீறினால் அந்தப் பக்கத்து வால்வைப் பார்க்க வேண்டும், பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் ஊற்றும் வாயில் சீறும் என்பதோ அன்று எனக்குத் தெரியாது. தலைமை மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, "என் பிள்ளைகளை இந்த எஞ்சினில் ஏற்ற மாட்டேன்" என்றார். பின் இருக்கையில் என் மகளின் சிறிய ஹெட்செட் கிடந்ததை அவர் பார்த்திருக்க வேண்டும். அந்த ஒரு வாக்கியத்தில் நான் விழுந்தேன். நான்கு சிலிண்டரையும் மாற்றச் சம்மதித்துக் கையெழுத்திட்டேன்.

ஆறு வாரத்துக்குப் பிறகு 11,640 டாலர் கட்டி விமானத்தை எடுத்து வந்தேன். நான்கு சிலிண்டரும் புதுச் சாம்பல் நிறத்தில் பளபளத்தன. விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான லாக்புக்கில், கம்ப்ரஷன் அனைத்திலும் 76க்கு மேல் என்று எழுதியிருந்தது. அடுத்து வந்த முதல் குளிர்காலையில் அதே குலுக்கல்.

போன் செய்தேன். புது சிலிண்டர்களில் ரிங்குகள் தேய்ந்து பொருந்திப் படிய 50 மணி நேரம் ஓட வேண்டும், பொறுங்கள் என்றார்கள். மறுமுறை, நான் எரிபொருள் கலவையைச் சரியாகக் குறைக்காததுதான் காரணம் என்றார்கள். மூன்றாவது முறை நேரில் போனபோது அந்த மெக்கானிக் விடுப்பில் இருப்பதாகச் சொன்னார்கள். அவர் உள்ளே ஒரு இறக்கைக்கு அடியில் குனிந்து நின்றதை நான் பார்த்தேன். பழைய சிலிண்டர்களைக் கேட்டால், விற்றவரிடமே திருப்பி அனுப்பிவிட்டோம் என்று ஒரே பதில். வழக்கறிஞர் வழியாகப் பேசுங்கள் என்று கடைசியாக ஒரு மின்னஞ்சல் வந்தது.

நேற்று பக்கத்து ஊரிலிருந்து தனியாகத் தொழில் செய்யும் ஒரு முதியவரை வரவழைத்தேன். மூடியைக் கழற்றி டார்ச் அடித்தவர், மூன்றாவது சிலிண்டரின் குளிர்விப்புத் தகடு ஒன்றில் நகத்தளவு உடைந்து அரத்தால் ராவப்பட்டிருந்த இடத்தைக் காட்டி, புது உருப்படியில் இது எப்படி வரும் என்று கேட்டார். விமானம் வாங்கிய நாள் முதல் நான் பார்த்துவந்த அதே உடைப்பு, இப்போது பெயிண்டுக்கு அடியில். புது சிலிண்டர் போட்டால் படியும் வரை ஊற்ற வேண்டிய மினரல் ஆயிலும் பில்லில் இல்லை, வழக்கமான எண்ணெய்தான் இருந்தது. சூட்டில் 76 வந்ததில் வியப்பில்லை, சூட்டில் அந்த எஞ்சின் என்றுமே நன்றாகத்தான் இருந்தது.

உண்மையான கோளாறு இதுதான்: ஈயம் கலந்த 100எல்எல் என்ற விமானப் பெட்ரோலின் படிவு, வால்வின் தண்டு நகரும் குழாயான வால்வு கைடில் சேர்ந்து, குளிரில் எக்ஸாஸ்ட் வால்வு மூடாமல் சிக்குகிறது. இதை இங்குள்ள மெக்கானிக்குகள் 'காலை நோய்' என்றே அழைக்கிறார்கள். சிலிண்டரைக் கழற்றாமலே, ஸ்பார்க் பிளக் துளை வழியாக நைலான் கயிற்றைத் திணித்து வால்வைத் தாங்கவைத்து ஸ்பிரிங்கைக் கழற்றி, பிறகு வால்வை உள்ளே இறக்கிக் கைடைத் துடைத்தெடுக்கும் முறையை எஞ்சினைச் செய்த லைகமிங் நிறுவனமே தன் 1425ஆம் எண் அறிவுரையில் தந்திருக்கிறது. பெரியவர் அரைநாளில் முடித்து 480 டாலர் வாங்கினார். இன்று காலை எஞ்சின் முதல் சுழற்சியிலேயே சீராக ஓடியது. இதைக் கவனிக்காமல் விட்டிருந்தால் வானத்திலேயே வால்வு சிக்கி, அதைத் திறக்கும் தள்ளுதண்டு வளைந்திருக்கும் என்கிறார். 11,640 டாலர் வாங்கியவர்கள் என் மகளை அந்த வால்வோடுதான் பறக்க அனுப்பினார்கள்.

விரிவாக எழுத இப்போது மனம் இல்லை. சூடான எஞ்சினில் எடுக்காத கம்ப்ரஷன் எண்ணை ஏற்காதீர்கள். சீறல் எங்கே கேட்கிறது என்று கேளுங்கள். பெரிய செலவு என்றால், அந்தப் பணிமனையோடு சம்பந்தமில்லாத இன்னொருவரிடம் காட்டுங்கள். வேலைக்கு முன் சிலிண்டர் எண்களைப் படம் எடுங்கள், பழையது கையில் வராமல் பணம் கட்டாதீர்கள். படங்களையும் பில்லையும் சேர்த்து அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏவின் வட்டார அலுவலகத்துக்கு இன்றிரவே அனுப்புகிறேன்.