பிளாக் ஸ்காலர் பழைய இதழ்கள்: ஜேஸ்டோரா, தாள் பிரதியா?

1969 நவம்பரில் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கறுப்பின ஆய்விதழ் பிளாக் ஸ்காலர். ராபர்ட் கிரிஸ்மனும் நேதன் ஹேரும் தொடங்கியவர்களில் முக்கியமானவர்கள். பழைய இதழ்களைத் தேடுகிறவர்களுக்கு இரண்டு வழிகள்: ஜேஸ்டோர் என்ற இணைய ஆய்விதழ்க் காப்பகத்தில் படிப்பது, அல்லது நூலகத்திலோ பழைய புத்தகக் கடையிலோ தாள் பிரதியைப் பிடிப்பது.

செலவு
ஜேஸ்டோர்: கல்லூரிச் சந்தா இருந்தால் கவலையே இல்லை. தனியாள் இலவசக் கணக்கு தொடங்கி, மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு வரை படிக்கலாம்.
தாள்: வாங்கினால் தபால் செலவே கடிக்கும்.

தேடல்
ஜேஸ்டோர்: கறுப்பின உரிமைப் போராளி ஏஞ்சலா டேவிஸ் சிறையில் இருந்தபோது எழுதி 1971இல் வந்த, அடிமைச் சமூகத்தில் பெண்களின் பங்கு பற்றிய கட்டுரை நொடியில் கிடைக்கும்.
தாள்: பொருளடக்கத்தைப் புரட்ட வேண்டியதுதான்.

முழுமை
இங்கேதான் தாள் ஜெயிக்கிறது. 1979இல் சமூகவியலாளர் ராபர்ட் ஸ்டேபிள்ஸ் கறுப்பினப் பெண்ணியவாதிகளைச் சாடி எழுத, அடுத்த இதழே அந்த விவாதத்துக்கு ஒதுக்கப்பட்டது. ஜேஸ்டோரில் அது துண்டுதுண்டான பிடிஎஃப் கோப்புகளாக வரும். யாருக்கு யார் பதில் சொல்கிறார் என்று நாமே கோர்க்க வேண்டும். கையில் இதழ் இருந்தால் அந்தச் சண்டையை ஒரே மூச்சில் படிக்கலாம். அப்புறம் விளம்பரங்கள்! அந்தக் காலத்தை அவை காட்டுகிற அளவுக்குச் சில கட்டுரைகள்கூடக் காட்டுவதில்லை.

ஆயுள்
தாள் பழுக்கும், ஓரம் உதிரும். கோப்புக்கு அந்தத் தொல்லை இல்லை, சந்தா நிற்கும்வரை.

மேற்கோள் தேடும் ஆய்வு மாணவருக்கு ஜேஸ்டோர் போதும். இதழின் வரலாற்றையே எழுதப் போகிறவர் 1979இன் அந்த இரண்டு இதழ்களையாவது தாளில் பார்த்துவிடட்டும்.