டிராக் காருக்கு எது: சிவப்பு சிலிண்டரா, குழாய் அமைப்பா?

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கோ கோவை கரி ஸ்பீட்வேக்கோ டிராக் டே (சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் நாள்) ஓட்டப் போகும்போது நண்பர்கள் காரில் நான் அதிகம் பார்ப்பது, சீட்டுக்கு முன்னால் கிளாம்ப் போட்டு வைத்த ஏபிசி பவுடர் (உலர் தூள்) தீயணைப்பு சிலிண்டர்தான். விலை குறைவு, எந்தக் கடையிலும் கிடைக்கும், பெட்ரோல் தீயைச் சட்டென்று அடக்கும். ஆனால் பவுடர் எதையும் குளிர வைக்காது. இன்ஜின் புகை வெளியேறும் கொதிக்கிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பெட்ரோல் இன்னும் கசிந்துகொண்டிருந்தால் அணைந்த தீ மறுபடியும் பிடிக்கும், அதற்குள் சிலிண்டரும் காலியாகியிருக்கும். மூடிய கேபினுக்குள் அடித்தால் கண்ணும் தெரியாது, மூச்சும் விட முடியாது. மிச்சம் ஒட்டியிருக்கும் பவுடர் ஈரம் பட்டதும் அலுமினியத்தை அரிக்கத் தொடங்கும்.

கேஸ் வகை இதற்கு நேர் எதிர், கறையே விடாது. ஒரு காலத்தில் ஹாலான் என்ற கேஸ் ராஜாவாக இருந்தது. ஓசோன் பிரச்சினையால் மாண்ட்ரியல் ஒப்பந்தம் அதன் தயாரிப்புக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதற்குப் பதிலாக எஃப்இ-36, நோவெக் மாதிரியானவை வந்தன. மூடிய இன்ஜின் அறைக்குள் அருமையாக வேலை செய்யும், திறந்த வெளியில் காற்றடித்தால் கலைந்துவிடும், விலையும் கையைக் கடிக்கும். ஃபோம் அப்படியில்லை. பெட்ரோல் மேல் போர்வை மாதிரி படர்ந்து ஆவியையும் அடக்கும், தண்ணீர் கலந்ததால் சூட்டையும் தணிக்கும். அப்புறம் வண்டியைக் கழுவ ஒரு நாள் போகும், போகட்டும்.

சரி, எந்தத் தீயணைப்பு மருந்து என்பதை விட முக்கியமான கேள்வி வேறு. சிக்ஸ் பாயிண்ட் பெல்ட் கட்டி, ஹெல்மெட் போட்டு உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சிலிண்டர் கைக்கு எட்டுமா? எட்டினாலும் இன்ஜினில் பிடித்த தீயை உள்ளே உட்கார்ந்தபடி எப்படி அணைப்பது? காரிலேயே நிரந்தரமாகப் பொருத்திய சிலிண்டரிலிருந்து குழாய் வழியே மருந்தைக் கொண்டுபோகும் குழாய் அமைப்பு ஜெயிப்பது இங்கேதான். கைப்பிடியை ஒரு இழுப்பு இழுத்தால் இன்ஜின் அறையிலும் கேபினிலும் ஒரே நேரத்தில் பீய்ச்சும். நாம் மயங்கிக் கிடந்தாலும், வெள்ளை வட்டத்துக்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்து சிவப்பில் இருக்கும் இடத்தில் மார்ஷல் (டிராக் ஓரத்தில் நிற்கும் பாதுகாப்பு ஊழியர்) வெளியிலிருந்தே இழுத்துவிடலாம்.

ஆனால் இதுவும் நேரம் வாங்கித் தருவதற்குத்தான். 2020 பஹ்ரைன் ஃபார்முலா ஒன் ரேஸ் விபத்தில் ஓட்டுநர் க்ரோஷான் ஏறக்குறைய அரை நிமிடம் தீக்குள் இருந்தார். அவர் காரிலிருந்து தானாகவே ஏறி வெளியே வந்தார், கைகள் வெந்திருந்தன. அந்தத் தீயை எந்த 2 கிலோ சிலிண்டராலும் அணைத்திருக்க முடியாது. உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் 2018 தர ரேஸ் உடைக்கே வெப்பத் தடுப்புச் சோதனையில் 12 நொடிதான் கணக்கு. அதனால் பட்ஜெட் குறைவு என்றால் நான் முதலில் உடை, கையுறைக்குச் செலவு செய்வேன், அடுத்து குழாய் அமைப்பு, கைச்சிலிண்டர் கடைசியில். உள்ளே நைலான் பனியன் மட்டும் வேண்டாம், உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

தீ தெரிந்தால் பிட் (டிராக் ஓரம் கார்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் இடம்) வரைக்கும் ஓட்டாதீர்கள். பக்கத்தில் இருக்கும் மார்ஷல் போஸ்ட் அருகே நிறுத்தி, முதலில் காரின் மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கும் மாஸ்டர் ஸ்விட்சை அணைத்து (பெட்ரோல் பம்ப் நிற்க வேண்டுமே), பிறகு கைப்பிடியை இழுத்துவிட்டு இறங்குங்கள். பானெட்டைத் திறக்காதீர்கள், காற்று புகுந்தால் குப்பென்று எழும்.

குழாய் அமைப்பிலும் ஒரு வம்பு உண்டு. வண்டி ஷெட்டில் நிற்கும்போது தவறி இழுபடாமல் இருக்க சேஃப்டி பின் போட்டிருப்போம், அதை எடுக்காமல் டிராக்கில் இறங்கினால் கைப்பிடி அசையாது. நாலு லேப் ஓட்டிவிட்டு பிட்டுக்கு வந்த பிறகுதான் அந்தப் பின்னை நான் பார்த்தேன்.